விடுதி அறைக்கு எந்தச் சண்டை விளையாட்டு?

"நாங்கள் ஐந்து பேர். ஒருவன் மட்டும் சிறு வயதிலிருந்தே டெக்கன் ஆடியவன். மற்ற நால்வருக்கும் ஒன்றும் தெரியாது. போட்டிகளில் கலந்துகொள்ளும் அளவுக்குக் கற்க ஆசை. எந்த வீடியோ சண்டை விளையாட்டை வாங்கலாம்?"

எண்ணிக்கையும் விளையாட்டின் பெயரும் மாறும், கேள்வி மாறுவதில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் பருவம் முடிவதற்குள் ஏதாவது ஒரு விடுதி அறையில் இது கிளம்பிவிடுகிறது. கேட்பவர்கள் "இதுதான் சிறந்தது" என்ற ஒற்றை வரியை எதிர்பார்க்கிறார்கள். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

நாங்கள் ஆறு பேராகத் தொடங்கினோம். ஆறே வாரத்தில் இருவர்தான் மிச்சம். விளையாட்டின் மீது தவறில்லை. எங்களில் ஒருவன் விறுவிறுவென்று முன்னேறினான். மற்றவர்கள் ஏன் தோற்கிறோம் என்றே தெரியாமல் தோற்றுக்கொண்டிருந்தார்கள். "தேர்வு வருகிறது" என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தேர்வு முடிந்தும் யாரும் திரும்பவில்லை. எதிரே ஆள் இல்லாவிட்டால் சண்டை விளையாட்டு என்பது பொம்மையைக் குத்திக்கொண்டிருக்கும் வேலைதான். அடுத்த ஆண்டு வேறு நண்பர்களோடு மறுபடி தொடங்கியபோது, எது சிறந்தது என்று நான் கேட்கவில்லை. எங்களில் மிகவும் தடுமாறுபவர் இரண்டாவது மாதமும் வந்து உட்காருவாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

தோல்வியின் காரணம் தெரிகிறதா? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். "குதித்தேன், கீழேயிருந்து அடித்துவிட்டான்" என்று தோற்றவரே சொல்ல முடிந்தால் அடுத்த ஆட்டத்துக்கு இருப்பார். "என்னவோ செய்தான், முடிந்துவிட்டது" என்றால் கைபேசியை எடுத்துவிடுவார்.

குழுவிலேயே பழைய மடிக்கணினி எது? இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) என்ற கணக்கில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. மற்ற வகை விளையாட்டுகளில் கணினி திணறினால் படத்தின் அழகு குறையும், அவ்வளவுதான். இங்கே கைப்பழக்கமே ஃபிரேம் கணக்கில்தான் உருவாகிறது. உங்கள் கணினி திணறினால் இணையத்தில் எதிரே ஆடுபவருக்கும் சேர்த்தே ஆட்டம் கெடும். ஆகவே இருப்பதிலேயே நல்ல கணினியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

விடுமுறையில் என்ன ஆகும்? ஒரே அறையில் இருக்கும்வரை இணையம் பொருட்டில்லை. விடுமுறைக்கு ஆளாளுக்கு ஊருக்குப் போனதும் அதுதான் எல்லாமே. பழைய முறையில் இரு பக்கத்துத் தகவலும் வந்து சேரும்வரை ஆட்டம் காத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் சேற்றில் கையை விட்டது போல் இருக்கும். ரோல்பேக் முறையில் எதிராளி என்ன அழுத்துவார் என்று ஆட்டமே ஊகித்து முன்னே ஓடுகிறது. ஊகம் பிழைத்தால் சில ஃபிரேம்கள் பின்வாங்கித் திருத்திக்கொள்கிறது. இன்று ரோல்பேக் இல்லாத விளையாட்டை இணையத்தில் கற்க முயல்வது வீண் வேலை. ரோல்பேக் இருந்தாலும் விடுதியின் வைஃபை காலை வாரிவிடலாம். இங்கே வேகத்தைவிடச் சீரான ஓட்டம்தான் முக்கியம். ஒரு நீளமான லேன் கம்பி கன்ட்ரோலரைவிட முதலில் வாங்க வேண்டிய பொருள்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு. ஆண்டுதோறும் புதிய கதாபாத்திரங்கள் தனி விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்காவிட்டாலும் எதிர்த்து ஆடலாம். ஆனால் வாங்காத கதாபாத்திரத்தைப் பயிற்சிப் பகுதியில் எதிரே நிறுத்திப் பழக முடியாமல் போகும் இடம் உண்டு. கை கடிப்பது அங்கேதான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டை இணையத்தில் ஆட மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். கணினியில் அந்தத் தொல்லை இல்லை.

காத்திருக்கும் நேரம். ஐந்து பேர் இருந்தால் இருவர் ஆடுவார்கள், மூவர் பார்ப்பார்கள். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

ஒரு பார்வையில்:

| விளையாட்டு | ஆண்டு | எளிய கட்டுப்பாடு | இணைய ஆட்டம் | இயங்கும் கருவி | முதல் மாதத் தோல்வி |
|---|---|---|---|---|---|
| ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 | 2023 | உண்டு | ரோல்பேக், மிக நன்று | நடுத்தரக் கணினி, சுமார் 60 ஜிபி | பெரும்பாலும் புரியும் |
| டெக்கன் 8 | 2024 | உண்டு | ரோல்பேக், நன்று | வலுவான கணினி, சுமார் 100 ஜிபி | பெரும்பாலும் புரியாது |
| கில்டி கியர் ஸ்ட்ரைவ் | 2021 | இல்லை | ரோல்பேக், மிக நன்று | பழைய கணினியும் தாங்கும் | பாதி புரியும் |
| ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் | 2018 | தேவையே இல்லை | பலவீனம் | நின்டெண்டோ ஸ்விட்ச் மட்டும் | சிரிப்பில் மறந்துபோகும் |
| கிரான்ப்ளூ வெர்சஸ் ரைசிங் | 2023 | உண்டு | ரோல்பேக், நன்று | நடுத்தரக் கணினி | புரியும் |

## ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6

எல்லோரும் புதியவர்கள் என்றால் என் கை முதலில் போவது இதற்குத்தான். 'மாடர்ன்' கட்டுப்பாடு என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கால் வட்டம், அரை வட்டம் என்று குச்சியைச் சுழற்றாமல் ஒரு திசையும் ஒரு பொத்தானும் சேர்ந்தாலே சிறப்புத் தாக்குதல் வந்துவிடும். அதற்கு விலையும் உண்டு: அப்படிச் சுருக்கு வழியில் வரும் தாக்குதலுக்கு வலு 20 விழுக்காடு குறைவு, சில அடிகள் கிடைக்கவே கிடைக்காது. ஒரே ஆட்டத்தில் ஒருவர் மாடர்னிலும் மற்றவர் பழைய 'கிளாசிக்' முறையிலும் ஆடலாம். கலப்புக் குழுவுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. "மாடர்ன் ஏமாற்று வேலை" என்று முணுமுணுக்கும் ஒருவர் உங்கள் குழுவிலும் இருப்பார். அவரைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இரண்டாவது காரணம், இதில் பயத்துக்கு விடை இருக்கிறது. புதியவர்களை அதிகம் அழவைப்பது டிரைவ் இம்பாக்ட் என்ற கனத்த அடி. மூலையில் மாட்டிக்கொண்டால் தடுத்தால்கூடச் சுவரில் மோதித் தடுமாறுவீர்கள். அது புறப்பட்டு வந்து சேர 26 ஃபிரேம், அதாவது அரை நொடிக்கும் குறைவு. நாங்கள் பயிற்சிப் பகுதியில் பொம்மைக்கு மூன்று செயல்களைப் பதிவு செய்தோம்: நடந்து வந்து உதைப்பது, குதிப்பது, டிரைவ் இம்பாக்ட். மூன்றும் முன்பின்னாக மாறி வரும்படி விட்டு, ஆளுக்குப் பத்து முறை. என் அறை நண்பர் முதல் நாள் பத்தில் இரண்டைப் பிடித்தார். நான்காம் நாள் ஏழு. அன்றிரவு எப்போதும் வெல்பவன் அவரை மூலைக்குத் தள்ளி அதே அடியை விட்டான். இவர் பதிலுக்கு அதையே கொடுத்தார். திரை முழுக்க வண்ணம் தெறிக்க, அவன் சரிந்து விழுந்தான். பக்கத்து அறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அந்தச் சுற்றிலும் தோற்றது என் நண்பர்தான். ஆனால் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

பயிற்சிப் பகுதியில் ஃபிரேம் அளவியும் உண்டு. எந்த அடிக்குப் பிறகு யார் முதலில் அசைய முடியும் என்பதை வண்ணக் கட்டங்களாகக் காட்டிவிடும். "நான் அழுத்தினேன், வரவில்லை" என்ற வாக்குவாதங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூலையில் பிடித்து எறிவது, மறுபடி பிடித்து எறிவது என்று ஒரே சூதாட்டம் திரும்பத் திரும்ப வருவது எரிச்சலூட்டும். தொடக்கத்தில் 18 கதாபாத்திரங்கள் இருந்தன. அதன் பிறகு ஆண்டுக்கு நான்கு வீதம் விலைக்கு வந்தன. தொடங்குகிறவர்கள் அவசரப்பட்டு அடிப்படைப் பதிப்பை வாங்காமல், பழைய கதாபாத்திரங்களையும் சேர்த்துக் கட்டாக விற்கும் பதிப்பு தள்ளுபடிக்கு வரும்வரை பொறுப்பது லாபம்.

## டெக்கன் 8

முதல் ஐந்து நிமிடத்தில் இதைவிட இனிமையான விளையாட்டு இல்லை. நான்கு பொத்தான், நான்கு கைகால்: இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். எதை அழுத்தினாலும் அழகாக ஏதோ நடக்கும். 1997-இல் வந்த டெக்கன் 3-இல் எடி கோர்டோ என்ற கதாபாத்திரத்தை எடுத்து உதைப் பொத்தான்களை மட்டும் அடித்து அண்ணனைத் தோற்கடித்த தம்பிகள் எத்தனை பேர்! அந்த மகிழ்ச்சி இன்னும் இருக்கிறது.

வேதனை இரண்டாவது வாரத்தில் வரும். தொடக்கத்திலேயே 32 கதாபாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு அசைவுகளுக்குக் குறையாது. மூன்று அடிகளின் தொடரில் மூன்றாவது மேலே வருகிறதா, குனிந்தால் தப்புமா, பக்கவாட்டில் நகர வேண்டுமா என்பதெல்லாம் பார்த்தவுடன் புரியும் விஷயங்கள் அல்ல, தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் அதே அடியை இருபது முறை வாங்குவார். டெக்கனில் புதியவரை வீழ்த்துவது பெரும்பாலும் எதிராளியின் திறமை அல்ல, தன்னிடம் இல்லாத மனப்பாடம். தாக்குதல்களை வலுவாக்கும் ஹீட் நிலை வேறு, தொடங்கியதும் பத்து நொடிக்கு எதிராளியை மூச்சுவிட விடாது.

இதைச் சரிக்கட்ட ஒரு நல்ல வழியை வைத்திருக்கிறார்கள். ஆடி முடித்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போது "இங்கே இதைச் செய்திருக்கலாம்" என்று குறிப்பு வரும்; அந்த இடத்தில் பதிவை நிறுத்திக் கட்டுப்பாட்டை நீங்களே எடுத்து முயன்று பார்க்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் தோற்ற ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கும் மனநிலை முதல் மாதத்தில் எத்தனை பேருக்கு வரும்?

எப்போது இதை எடுக்கலாம்? குழுவில் பாதிப் பேராவது சிறு வயதில் டெக்கன் ஆடியிருந்தால் எடுக்கலாம். எல்லோரும் தினமும் ஒரே அறையில் கூடுவீர்கள் என்றால் இன்னும் நல்லது. 2019-இல் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் சண்டை விளையாட்டுகளின் மிகப் பெரிய போட்டியான ஈவோவின் ஜப்பான் பதிப்பையும் லாஸ் வேகஸ் பதிப்பையும் ஒரே ஆண்டில் டெக்கன் 7-இல் வென்றபோது, உலகம் அதுவரை கவனிக்காத ஓர் உள்ளூர்க் கூட்டம் திடீரென்று கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் போட்டிகளில் அதிகம் தலைகாட்டாமல், தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு வளர்ந்த ஆட்டக்காரர்கள் அவர்கள். டெக்கனின் மனப்பாடச் சுமையை அப்படிப் பங்குபோட்டுத்தான் தூக்க முடியும்: ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை எடுத்து, அதன் ஓட்டைகளை மற்றவர்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் சொன்ன ஐவருக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஒருவன் மட்டும் டெக்கன் தெரிந்தவன் என்றால் டெக்கனை வாங்காதீர்கள். அவன் வருத்தப்படுவான், படட்டும். சொல்லிக்கொடுப்பதில் உண்மையாகவே சுகம் காண்பவன் என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்படிப்பட்டவர்கள் குறைவு. பெரும்பாலோர் "சொல்லித் தருகிறேன்" என்று தொடங்கி, பத்துக்குப் பூஜ்யம் என்று முடிப்பவர்கள்.

## கில்டி கியர் ஸ்ட்ரைவ்

பழைய மடிக்கணினிகள் நிறைந்த குழுவுக்கு இது வரப்பிரசாதம். கையால் வரைந்த கார்ட்டூன் போலத் தோன்றும். உண்மையில் முப்பரிமாண உருவங்கள். 2021-இல் வந்தபோதே ரோல்பேக் மிக நன்றாக இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது ஓர் அளவுகோலாகவே ஆனது. ஆட்டங்கள் சட்டென்று முடிவதால், காத்திருக்கும் மூவருக்கும் முறை சீக்கிரம் வரும்.

எளிய கட்டுப்பாடு கிடையாது. ஒவ்வொரு கதாபாத்திரமும் தனி விளையாட்டு போல நடந்துகொள்ளும்: ஓடவே முடியாத பொட்டெம்கின் ஒரு பக்கம், நிழலைத் தனியாக இயக்கும் சாட்டோ மறுபக்கம். அசைவைப் பாதியில் வெட்டும் ரோமன் கேன்சல், அடிவாங்கும்போது எதிராளியை உதறித் தள்ளும் பர்ஸ்ட் என்று கற்க வேண்டிய கருத்துகளும் அதிகம். கதாபாத்திரங்களின் தோற்றத்தில் மனதைப் பறிகொடுப்பவர்கள் மட்டுமே அந்த ஏற்றத்தை ஏறுகிறார்கள். குழுவில் எல்லோருக்கும் ஜப்பானிய அனிமே பித்து என்றால் தயங்காமல் இதையே எடுங்கள்.

## சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்

இது சண்டை விளையாட்டே அல்ல என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. எட்டுப் பேர் வரை ஒரே திரையில் ஆடலாம். காத்திருக்கும் சிக்கலை இதைப்போல் தீர்ப்பது வேறொன்றும் இந்த வரிசையில் இல்லை. விலைக்கு வந்தவர்களையும் சேர்த்தால் 89 கதாபாத்திரங்கள். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே கட்டளைகள்: ஒரு திசை, ஒரு பொத்தான்.

ஆனால் போட்டி என்று இறங்கும்போது மூன்று முட்டுக்கட்டைகள். முதலாவது, ஸ்விட்ச் இல்லாமல் இது இல்லை. அடுத்தது, ரோல்பேக் இல்லை. விடுமுறையில் இணையத்தில் ஆடினால் கற்ற நேரக்கணக்கு கெட்டுப்போகும். மூன்றாவது, நின்டெண்டோ 2023 இறுதியில் சமூகப் போட்டிகளுக்கு வகுத்த நெறிகள்: தனி உரிமம் பெறாமல் நேரில் நடத்தும் போட்டிக்கு 200 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஈவோ மேடையிலும் 2022 முதல் ஸ்மாஷ் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் போட்டிக்கு இவை தடையல்ல. அதற்கு மேல் கனவு காண்பவர்கள் யோசிக்க வேண்டும்.

மறைமுகமான விலை ஒன்றும் உண்டு. கூத்தும் கும்மாளமுமாக, பொருள்கள் வானிலிருந்து விழ, நான்கு பேர் ஆடும் ஆட்டம் ஒன்று. பொருள்களை நிறுத்திவிட்டு, தட்டையான மேடையில் ஒருவருக்கொருவர் ஆடுவது முற்றிலும் வேறொன்று. இரண்டாவதுக்கு மாறலாம் என்று ஒருவர் சொல்லும் நாளில் குழு இரண்டாகப் பிளக்கும்.

## காசில்லாமல் தொடங்க

கிரான்ப்ளூ ஃபேன்டஸி வெர்சஸ் ரைசிங்குக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. கிடைக்கும் கதாபாத்திரங்கள் குறைவுதான். ஆனால் இணைய ஆட்டம் உட்பட அடிப்படை எல்லாம் உண்டு. எளிய கட்டளைகளும் பழைய சுழற்றல்களும் இரண்டுமே வேலை செய்யும். ஆட ஆள் கிடைப்பது பெரிய விளையாட்டுகளைவிடக் கடினம். நண்பர்களுக்குள் ஆடுபவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

ரயட் நிறுவனத்தின் 2எக்ஸ்கேஓ என்ற சண்டை விளையாட்டும் இலவசம். பக்கத்துக்கு இரண்டு கதாபாத்திரங்கள். அவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு நான்கு நண்பர்கள் ஒரே ஆட்டத்தில் இறங்கலாம். பழைய விளையாட்டுகளை இணையத்தில் ஆடவைக்கும் ஃபைட்கேட் என்ற மென்பொருள் வழியாக 1999-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக் போன்ற பழையவற்றை எந்தக் கணினியிலும் ஆடலாம். ஆனால் விளையாட்டுக் கோப்பை நீங்களே கொண்டுவர வேண்டும். அதன் உரிமைச் சிக்கலும் உங்களுடையதே.

## கையில் எதைப் பிடிப்பது

நீண்ட விவாதம் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் சாதாரண கன்ட்ரோலர் முதல் ஆண்டுக்குப் போதும். விசைப்பலகையும் நல்ல கருவியே. மலிவானவற்றில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போகும், அதை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். குச்சி உள்ள பலகை, பொத்தான் மட்டுமே உள்ள பலகை ஆகியவை ஆசைக்கு வாங்குபவை. வாங்கிய மறுநாள் நீங்கள் முன்பைவிட மோசமாக ஆடுவீர்கள். சில வாரம் அப்படியே இருக்கும்.

பொது அறைத் தொலைக்காட்சியில் ஆடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் விடுதிக் கூடத்தில் இரண்டு வாரம் ஆடி, எதுவுமே கைக்கு வரவில்லை என்று விளையாட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சி அமைப்பில், படம் தாமதமாகத் தெரிவதைக் குறைக்கும் 'கேம் மோட்' அணைந்து கிடந்ததை ஒரு ஜூனியர் மாணவி வந்து காட்டினாள். அதை இயக்கிய பிறகு எதிராளி குதிப்பதைப் பார்த்து அடிக்க முடிந்தது.

## வாங்குவதற்கு முன் ஒரு வாரம்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு ரியூ, லூக் இருவரை வைத்து ஆடும் இலவச மாதிரி இருக்கிறது. கணினி தாங்குமா என்று பார்க்கத் தனிச் சோதனை மென்பொருளையும் அதை உருவாக்கிய கேப்காம் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கிறது. டெக்கன் 8-க்கும் இலவச மாதிரி உண்டு. முதலில் சோதனை மென்பொருளைக் குழுவின் மிகப் பழைய கணினியில் ஓடவிடுங்கள். அங்கே 60-ஐத் தொடாவிட்டால் ஸ்ட்ரைவ் பக்கம் திரும்புங்கள், அல்லது எல்லோரும் ஒரே கணினியின் முன் உட்காருவது என்று முடிவு செய்யுங்கள்.

அந்த வாரம் முழுதும் ஒரு விதி வையுங்கள்: தோற்றவர் இடத்தை விட்டு எழக் கூடாது, வென்றவர் எழ வேண்டும். வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கிறது; தடுமாறுபவருக்கே மிகக் குறைந்த ஆட்டம் கிடைக்கிறது. இந்த விதியை வைத்தால் நன்றாக ஆடுபவன் அடிக்கடி வெளியே உட்கார்ந்து பார்ப்பான், பார்க்கும்போது வாய் சும்மா இருக்காது, "குனி, இப்போது குனி" என்று கத்துவான். எங்கள் குழுவில் சொல்லிக்கொடுப்பது என்பது அப்படித்தான் தொடங்கியது.